விக்டோரியா காலத்துக் கல்யாணம் வேணுமா? (த்ரெட்)

1/ போன வாரம் சொந்தத்துல ஒரு ரிசப்ஷன். மாமல்லபுரம் பக்கம், ஈசிஆர் ரிசார்ட். பத்திரிகையிலேயே "விக்டோரியன் தீம்"னு போட்டிருந்தாங்க. வெள்ளைத் தூண், பழைய இரும்பு விளக்குக் கம்பம், பொண்ணுக்கு வெள்ளை கவுன். அழகாத்தான் இருந்துச்சு. ஆனா விக்டோரியா ராணி ஆண்ட காலத்துல (1837–1901) கல்யாணம் நிஜமா எப்படி இருந்துச்சு?

2/ வெள்ளை கவுன் உண்மை. 1840 பிப்ரவரி 10-ல் ராணி தன் திருமணத்துக்கு வெள்ளை சாட்டின் உடுத்தினார். அதுக்கு முன்னாடி பெரும்பாலான பொண்ணுங்க இருக்கறதுலேயே நல்ல கலர் டிரஸ்ஸைத்தான் போட்டுக்குவாங்க. ராணியைப் பார்த்துதான் வெள்ளை ஃபேஷன் ஆச்சு.

3/ மாளிகைக் கல்யாணம்தான் கதை. அன்றைய இங்கிலாந்தில் பொதுவாக சர்ச், சேப்பல், இல்லைன்னா பதிவாளர் அலுவலகம். இங்கதான் தாலி கட்ட முடியும்ங்கற மாதிரி சட்டம். பழைய மாளிகை, ஹோட்டல்ல எல்லாம் சட்டப்படி மணம் முடிக்க வழி செஞ்சது 1994-ம் வருஷச் சட்டம்தான்!

4/ அப்போ நம்ம பக்கம்? பொண்ணு வீட்டு வாசல்ல பந்தல். இடத்துல பிரச்சினையே இல்ல. பிரச்சினை பொண்ணோட வயசு. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், மனைவிக்கு 10 வயசு ஆகியிருந்தா கணவன் உறவு கொள்வதைக் குற்றமாகப் பார்க்கல. பத்து!

5/ கல்கத்தாவில் ஃபூல்மோனி தாசின்னு ஒரு சிறுமி. 10 வயசைத் தாண்டியிருந்தாள், அவ்வளவுதான். கணவனுக்கு முப்பதுக்கு மேல. அவன் உறவு கொண்டதில் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தாள். 1890-ல் வழக்கு. பத்து தாண்டிட்டதால பாலியல் வல்லுறவுன்னு தண்டிக்க சட்டத்துல இடமில்ல. ஓராண்டு கடுங்காவல், முடிஞ்சுது.

6/ அப்போ இந்தியாவில் வேலை பார்த்த பெண் டாக்டர்கள் 50-க்கும் மேல கையெழுத்துப் போட்டு வைஸ்ராய்க்கு மனு கொடுத்தாங்க. இளம் மனைவிகளுக்கு நேர்ந்த காயங்களை, தாங்கள் பார்த்தபடியே எழுதினாங்க. 1891-ல் வயது 12 ஆனது. அதுக்கே நாடு முழுக்க பெரிய எதிர்ப்பு.

7/ இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1929 பிப்ரவரி. செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல இருக்கணும், விருப்பமில்லாத திருமணத்திலிருந்து விலக உரிமை வேணும், சொத்துல சம உரிமை வேணும்னு தீர்மானம்.

8/ அதே வருஷம் செப்டம்பரில் சாரதா சட்டம் நிறைவேறுச்சு. பெண்ணுக்கு 14 போதும்னு சொன்னது! 1949-ல் 15. செங்கல்பட்டு கேட்ட 16-ஐ சட்டம் தாண்டியது 1978-ல், 18 ஆக்கியபோது. 49 வருஷம் லேட்.

9/ இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. பிரசவ வார்டுல ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தா இன்னிக்கும் சில சமயம் 16, 17. ரத்தசோகை, பிபி, வலிப்பு, எடை குறைந்த குழந்தைன்னு அந்த வயசுல எல்லா ஆபத்தும் கூடுதல். "வயசை மட்டும் மாத்தி எழுதிடுங்க டாக்டர்"னு அம்மாவே கெஞ்சுவாங்க. முடியாதும்மா.

10/ தீம் எதுவா வேணா இருக்கட்டும், கவுனோ கூறைப்புடவையோ. இந்த மாவட்டத்துல கல்யாண வரலாறு எங்க இருக்குன்னு கேட்டா, நான் அந்த 1929 மாநாட்டைத்தான் காட்டுவேன். பக்கத்துல 18 ஆகாத பொண்ணுக்குப் பந்தல் போடறது தெரிஞ்சா 1098-க்குக் கூப்பிடுங்க.