கடுமையான நடத்தைச் சிக்கல் கொண்ட வளரிளம் ஆண்பிள்ளைகள்: பெற்றோர் பயிற்சியின் இன்றியமையாமை

வளரிளம் பருவத்து ஆண்பிள்ளைகளிடம் அடிதடி, திருட்டு, பள்ளிக்கு மட்டம் போடுதல், வீட்டைவிட்டு ஓடுதல் போன்றவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும்போது, உளமருத்துவம் அதனை நடத்தைக் கோளாறு என்று வகைப்படுத்துகிறது. இந்நிலையில் குடும்பமும் சமூகமும் பெரும்பாலும் தண்டனையைக் கடுமையாக்குகின்றன. அல்லது பையனை வீட்டிலிருந்து பிரித்து, அவனையொத்த பிள்ளைகள் தங்கும் இல்லத்தில் சேர்க்கின்றன. இவ்விரு வழிகளும் கோளாறு எதனால் வளர்கிறது என்பதைக் கருதாதவை என்பதும், அவனை அன்றாடம் வழிநடத்தும் பெரியவர்களுக்குப் பயிற்சி அளிப்பதே பயன் தரும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சனும் அவர் குழுவினரும் 1960களிலிருந்து இத்தகைய பிள்ளைகளின் வீடுகளுக்கே சென்று, குடும்பத்தினர் ஒருவரோடொருவர் நடந்துகொள்வதைக் குறியீடுகளால் பதிவு செய்தனர். 1982இல் நூலாக வெளிவந்த அவரது கோட்பாட்டின் மையம் ‘வலுக்கட்டாயச் சுழற்சி’ ஆகும். தாய் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்கிறார்; மகன் கத்துகிறான்; தாய் குரலை உயர்த்துகிறார்; மகன் கையில் கிடைத்ததை வீசுகிறான்; தாய் சொன்னதைக் கைவிட்டு அடுக்களைக்குத் திரும்புகிறார். கத்தினால் ஏவல் நின்றுவிடும் என்று மகனும், விட்டுக்கொடுத்தால் கூச்சல் அடங்கும் என்று தாயும் அக்கணத்தில் கற்றுக்கொள்கின்றனர். இவ்வாறு வேண்டாத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வேரூன்றுவதை உளவியல் எதிர்மறை வலுவூட்டல் என்கிறது. தந்தை எப்போதாவது அடிக்கும் அடி இச்சுழற்சியை முறிப்பதில்லை. வலியவனே வெல்வான் என்ற பாடத்தையே அதுவும் கற்பிக்கிறது.

பிறவியிலேயே முரட்டுத்தன்மை கொண்ட பிள்ளையைப் பெற்றோரால் மாற்ற இயலுமா என்பது நியாயமான எதிர்வாதம். டெர்ரி மாஃபிட் 1993இல் முன்வைத்த பகுப்பு, பதின்பருவத்தோடு தணியும் ஒழுங்கீனத்தையும் குழந்தைப் பருவம் முதல் வாழ்நாள் நெடுக நீடிப்பதையும் வேறுபடுத்துகிறது. சிலரே அடங்கும் இரண்டாம் வகையிலும், நரம்புசார் குறைபாடும் நெருக்கடி மிகுந்த சூழலும் ஒன்றையொன்று தீவிரப்படுத்துவதாலேயே சிக்கல் முற்றுகிறது என்பது அவர் விளக்கம். எனவே பிறவி இயல்பு பெற்றோரின் பணியைக் கடினமாக்குகிறதே தவிர, வீணாக்குவதில்லை.

ஒத்த சிக்கலுடைய பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பதன் தீங்குக்கும் சான்று உண்டு. மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வில் 506 சிறுவர்கள் இணை இணையாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு ஆலோசனையும் பிற உதவிகளும் வழங்கப்பட்டன. சிலர் கோடை முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். உதவி பெற்றவர்கள் பிற்காலத்தில் பல அளவைகளில் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததை ஜோன் மெக்கார்ட் 1978இல் வெளிப்படுத்தினார். முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடமே இத்தீங்கு குவிந்திருந்ததாக, அவரும் தாமஸ் டிஷியனும் பிரான்சுவா பூலானும் இணைந்து எழுதிய 1999ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. ஒழுங்கீனப் பேச்சுக்குச் சகாக்கள் தரும் சிரிப்பும் கவனிப்பும் பரிசாக அமைவதால், அங்கும் தவறான நடத்தையே வலுப்பெறுகிறது.

இதற்கு மாறாக, பட்ரீசியா சேம்பர்லினும் ஜான் ரீடும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து குற்றம் புரிந்த 12 முதல் 17 வயது வரையிலான 79 சிறுவர்களுள், பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டவர்கள் குழு இல்லங்களில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே மீண்டும் குற்றத்தில் சிக்கினர். அக்குடும்பங்களில் தெளிவான விதிகளும், நல்ல நடத்தைக்கு உடனடிப் பாராட்டும், தவறினால் சிறிதாயினும் தவறாமல் வரும் விளைவும், பையன் எங்கே யாருடன் இருக்கிறான் என்ற கண்காணிப்பும் இருந்தன. அவன் திரும்பிச் செல்லவிருந்த சொந்தப் பெற்றோருக்கும் இவை கற்பிக்கப்பட்டன. இவை பிறவித் திறன்கள் அல்ல, எவரும் பயிலக்கூடியவை. ஆகவே சோர்ந்துபோன பெற்றோரைக் குற்றவாளிகளாக்காமல், பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புமுன் அவர்களுக்கு இப்பயிற்சி கிடைக்கச் செய்வது அரசின், பள்ளியின், மருத்துவத்தின் முதற்கடமையாகும்.