கீரையை விலக்கும் சீட்டு: இதயத் துடிப்பு மருந்துகளும் அன்றாட உணவும்

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு மருந்துச் சீட்டோடு வாய்மொழியாக ஓர் உணவுக் கட்டளையும் கிடைக்கிறது: கீரை கூடாது. தமிழ்நாட்டில் அசிட்ரோம் மாத்திரை புழங்கும் வீடுகளில் இதைக் கேளாதவர் அரிது. மருந்தின் இயல்புக்கே இக்கட்டளை பொருந்தவில்லை என்பதும், கவனிக்க வேண்டிய வேறு உணவுகளை இது பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அசினோகூமரால் (அசிட்ரோமின் மருந்துப் பெயர்), வார்ஃபரின் ஆகியவை துடிப்பைச் சீராக்குபவை அல்ல. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கவே இவை. கீரையிலுள்ள வைட்டமின் கே-யைப் பொருட்படுத்தாத புதிய மாத்திரைகள் வந்துவிட்ட பிறகு இந்த விவாதம் எதற்கு என்று கேட்கலாம். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்து, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளிவந்தது. 24 நாடுகள், 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகள். புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிடப் பழைய மருந்துக் குழுவில்தான் இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் பழைய மருந்துதான். ருமாட்டிக் இதய நோய் இன்னும் விட்டு நீங்காத நம் நாட்டில், கீரைக் கேள்வி காலாவதி ஆகிவிடவில்லை.

இந்த மருந்துக் குடும்பமே ஒருவகையில் உணவிலிருந்து பிறந்தது. 1920களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் பூஞ்சை பிடித்த குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து மாண்டன. அந்த வைக்கோலில் இருந்த பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடம் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்ததே வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. கல்லீரல் ரத்த உறைவுக் காரணிகள் சிலவற்றைச் செயல்படும் வடிவில் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அந்த வைட்டமினைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தும் வழியை மருந்து அடைக்கிறது. கீரையில் வரும் புது வைட்டமின் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆக, மருந்தும் கீரையும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்தின் அளவு முன்கூட்டியே முடிவாகி வருவதில்லை. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்து, பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும்படி ஆளுக்கு ஆள் அளக்கப்படுகிறது. வாரம் மூன்று நாள் கீரை உண்பவருக்கு மாத்திரை சற்றுக் கூடலாம். அவ்வளவுதான். அளந்து முடித்த பிறகு உணவு மாறுவதுதான் சிக்கல்.

கீரையை அறவே விட்டுவிட்டால் அதுவும் ஒரு சீர்மைதானே என்பது எதிர்வாதம். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய அறிவுரை அது ஒன்றே என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ச் சமையலில் அறவே விடுவது நடக்கிற காரியமா? கீரைக் கடைசலை ஒதுக்கியவர் இட்லிக்குக் கொத்தமல்லித் துவையல் தொட்டுக்கொள்வார். சாம்பாரில் மிதக்கும் நாலு கறிவேப்பிலை பொருட்டே அல்ல. அதே இலையைக் கைப்பிடி கைப்பிடியாக அரைத்த துவையல் வேறு கணக்கு. ஒரு கட்டுக் கீரை வெந்ததும் ஒரு கிண்ணமாகச் சுருங்கும். வைட்டமின் கே வெப்பத்தில் எளிதில் அழியாது, ஆதலால் அதன் பெரும்பகுதி அந்தக் கிண்ணத்திலேயே இருக்கும். பாலக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ 480 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவையோ 90 முதல் 120 வரை. எண்ணெயை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. சோயா எண்ணெய் 100 கிராமில் 180 மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கிறது, கடலை எண்ணெயில் ஒன்றுகூடத் தேறாது. விலை ஏறியதென்று எண்ணெயை மாற்றிய வீட்டில் ஐஎன்ஆர் நகர்ந்தால் பழி கீரைமேல் விழும்.

அறவே விடுவதன் பெரிய குறை இன்னொன்று. வைட்டமின் இருப்பு வற்றிய உடலில் சிறு வரவும் பெரிய அசைவாகிறது. வார்ஃபரின் எடுப்போரில் ஐஎன்ஆர் ஏறி இறங்கித் தத்தளிப்பவர்கள், நிலையாக இருப்பவர்களைவிட வைட்டமின் கே குறைவாக உண்டார்கள் என்று இங்கிலாந்தில் காமாலி குழுவினர் கண்டனர். 2007இல் அதே குழு, அப்படித் தத்தளித்தவர்களுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தபோது நிலைமை சீர்ப்பட்டது. இதை வைத்து எல்லோருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுக்கச் சொல்வது மிகை. 2012ஆம் ஆண்டு அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. மாத்திரை தேவையில்லை, தட்டில் வழக்கமான கீரை இருக்கட்டும் என்பதே என் நிலைப்பாடு. ஒரு முன்னெச்சரிக்கை: மாதக்கணக்கில் கீரையை ஒதுக்கியவர் திடீரென்று நிறையத் தொடங்கினால் மருந்து போதாமல் ரத்தம் உறையலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சிறுகச் சேர்த்து, ஐஎன்ஆரை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

மருந்து என்றாலே பத்தியம் என்ற எண்ணம் நமக்கு ஆழமானது. சித்த மருத்துவத்தில் அதற்குத் தனி நியாயம் உண்டு. அது இங்கே பேசுபொருள் அல்ல. ஆனால் விலக்குவதையே கட்டுப்பாடாகக் கருதும் அந்தப் பழக்கம் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனையும் விடவில்லை. இம்மருந்தில் அயோடின் இருப்பதை அறிந்த சிலர் அயோடின் கலந்த உப்பை நிறுத்துகிறார்கள். கணக்கு என்ன? 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின்; நாள்தோறும் அதிலிருந்து உடலில் விடுபடுவது 6 மில்லிகிராம் அளவு. வீட்டுக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் என்று வைத்தால், 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம், அதாவது மாத்திரை விடுவிப்பதில் நாற்பதில் ஒரு பங்கு. உப்பை மாற்றி நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. அதே உலையில் உண்ணும் பேரக்குழந்தைக்குத்தான் நட்டம். அமியோடரோனுக்கு வேண்டியது ஆறு மாதத்துக்கொருமுறை தைராய்டு பரிசோதனை.

இனி, சீட்டில் இடம்பெறாதவை. தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் அவற்றில் முதலாவது. அதை யாரும் உணவாகவோ மருந்தாகவோ கருதுவதில்லை, ஆகவே மருத்துவரிடம் சொல்வதுமில்லை. அதிலுள்ள கிளைசிரைசின், நாட்கணக்கில் தொடர்ந்தால், சிறுநீரகத்தின் வழியே பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் தாழ்ந்த உடலில் இதய மருந்தான டிஜாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகலாம். துடிப்பைச் சீராக்கும் சோட்டலால் எடுப்பவருக்கு உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறு வரலாம். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இரட்டிக்கும். பம்பளிமாஸ் இன்னொன்று. மேலைநாட்டுப் பட்டியல்கள் அஞ்சும் கிரேப்ஃப்ரூட் இதன் வழித்தோன்றல்தான். குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கும் ஃபியுரானோகூமரின்கள் இரண்டிலும் உண்டு. அமியோடரோனோ துடிப்பு வேகத்தைக் குறைக்கும் வெரபமிலோ எடுப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இங்கே விலக்கு பொருந்துகிறது, ஏனெனில் இதைவிட்டால் ஊட்டத்தில் எதுவும் குறைந்துவிடாது.

இளநீரை எந்தப் பட்டியலிலும் நிலையாக வைக்க முடியாது. ஒரு காயில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். நீர் பிரியும் மாத்திரையான ஃபுருசமைடால் பொட்டாசியம் இழப்பவருக்கு அது துணை. பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அதே இளநீரோ, சோடியம் குறைவு என்று விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்போ இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அவர்கள் இருவரும் ஒரே வரிசையில் காத்திருந்து, ஒரே அறிவுரையைப் பெற்று வீடு திரும்புகிறார்கள். கிரியாட்டினின், பொட்டாசியம் என்ற இரண்டு எண்களை ரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்தபின் சொல்ல வேண்டிய பதில் இது.