கோட்டையும் காவலும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மங்களூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு, பெய்யாவிட்டால் பெருமூச்சுத்தான். அந்த ஊர்ப் பக்கத்தில், உழவர்கள் கூடி நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறான், எனக்கு மருமகன் முறையாக வேண்டிய ஒரு பிள்ளை.

சென்ற மாதம் அவன் என்னைத் தேடி வந்தான். முகத்தில் கவலை.

"மாமா, எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு முன்கூட்டியே ஒரு காவல் திட்டம் வேண்டும் என்று கேட்டேன். நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர், 'இந்தப் பட்டிக்காட்டுக்கு எந்தத் திருடனப்பா வரப்போகிறான்?' என்று சிரித்துவிட்டார். நீங்கள் சரித்திரக் கதை எழுதுகிறவர். அவருக்கு என்ன பதில் சொல்லலாம்?"

எனக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் அதிகம் தெரியாது. ஆனால் கோட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். தெரிந்ததைச் சொன்னேன்.

பக்கத்திலேயே விருத்தாசலம் இருக்கிறது. இன்று பீங்கானுக்குப் பேர்போன ஊர். விருத்தகிரீசுவரரைத் தரிசிக்கப் போகிறவர்கள் அந்த உயர்ந்த மதில்களைப் பார்த்திருப்பார்கள். கர்நாடகப் போர்க் காலத்தில் அந்தக் கோயில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1751-ல் முகம்மது அலியின் கட்சியைச் சேர்ந்திருந்த அந்த இடத்தை அக்கம்பக்கத்துப் பாளையக்காரன் ஒருவனுடைய ஆட்கள் முற்றுகையிட்டார்கள். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து உதவிப் படை ஒன்று வந்து அவர்களை விரட்டியது. அதனோடு வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். வந்த காரியம் முடிந்தது. இனி என்ன பயம் என்று, சில சிப்பாய்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவரும் பிகட் என்பவரும் திரும்பினார்கள். வழியிலே பாளையக்காரனின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். சிப்பாய்கள் பலர் மாண்டார்கள். குதிரைகளின் கால் வேகத்தால் துரைமார் இருவரும் உயிர் தப்பினார்கள்.

மதிலுக்குள் இருக்கும்போது வராத ஆபத்து, மதிலை மறந்து வழியில் இறங்கியபோது வந்தது. உங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு ஆயிரம் பூட்டு இருக்கலாம். அதே கணக்கைக் குமாஸ்தா தம் வீட்டுக் கைபேசியில் திறந்து பார்க்கிறாரா? அதுதான் அந்த வழி.

அடுத்தது செஞ்சி. மூன்று மலைகள், அவற்றைச் சுற்றி வளைத்த மதில். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் அதை முற்றுகையிட்டான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை மொகலாயர் கைக்கு வருவதற்கு 1698 ஆயிற்று. அதற்குள் ராஜாராமும் தப்பிவிட்டான். ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பேரரசின் படையைக் காக்க வைத்த கோட்டை அது!

அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. வாசல் கதவை வெடி வைத்துப் பிளந்து உள்ளே புகுந்தார்கள். பொழுது விடியும்போது மூன்று மலைகளும் அவர்கள் வசம். பகல் வெளிச்சத்தில் தாங்கள் பிடித்த இடத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்களே வியந்தார்களாம். மலை மாறவில்லை, மதில் மாறவில்லை. ஆனால் உள்ளே இருந்தது, சில நாட்களுக்கு முன் திருவதிகைப் பக்கத்தில் தோற்று, மனம் ஒடிந்து ஓடிவந்த முகம்மது அலியின் படை. காவலர் சோர்ந்தபின் கல் என்ன செய்யும்?

"அதெல்லாம் ராஜாக்கள் காலம், மாமா" என்றான் பிள்ளை.

சரி, நம் காலத்துக்கே வருவோம். கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் கும்பகோணம். அங்கே 1904-ல் தோன்றிய சிட்டி யூனியன் வங்கிக்கு 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள் வந்தார்கள். நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் 'ஸ்விஃப்ட்' முறையில் மூன்று பொய் உத்தரவுகள் பறந்தன. துபாய்க்கு 5 லட்சம் டாலர். துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. சீனத்துக்கு 10 லட்சம் டாலர். அனுப்பிய செய்திகளுக்கு ஒப்புகை அச்சாகும் பிரிண்டரையும் அன்று முடக்கி வைத்திருந்தார்கள். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போனபோதும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. நாயை வாய்கட்டிவிட்டுத்தானே திருடன் வீட்டுக்குள் நுழைகிறான்!

ஆயினும் கும்பகோணத்தில் மறுநாள் காலையே விஷயம் வெளிப்பட்டது. எப்படி? முதல் நாள் போன பணத்தையும் ஏட்டில் உள்ள கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அன்றாட வழக்கத்தினால். உடனே அபாயக் குரல் கொடுத்தார்கள். துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பியது. அந்தத் தொகையைக் காப்பாற்றியது பழைய கணக்குப்பிள்ளைப் பழக்கம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கூடங்குளத்திலும் ஒரு பாடம் உண்டு. 2019-ல் அங்கே நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் நச்சு நிரல் இருந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் தேதி ஒப்புக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோடு சேர்ந்தது. உலையை இயக்கும் அமைப்பு அதனின்றும் தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் கழகம் சொல்லிற்று. முன்கட்டு வேறு, பூஜையறை வேறு என்று வீடு கட்டினார்களே நம் பெரியோர், அதே யோசனைதான்.

இவ்வளவும் சொன்னபின் பிள்ளை ஒரு காகிதத்தை எடுத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான்.

முதலில் எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணு. கம்ப்யூட்டர், கைபேசி, பிரிண்டர், கண்காணிப்புக் காமிரா எல்லாமே வாசல்தான். தெரியாத வாசலைக் காக்க எவனாலும் ஆகாது. பணப் பெட்டியையும் வரவேற்பறையையும் ஒரே கம்பியில் கட்டாதே. எல்லாச் சாவியையும் ஒருவர் கையில் கொடுக்காதே. வேலையை விட்டுப் போனவரின் சாவியை அன்றே வாங்கிவிடு. பெரிய தொகை போவதற்கு இருவர் சம்மதம் வேண்டும். கம்பெனிக்காரன் அனுப்பும் திருத்தங்களை அவ்வப்போது போடு. இடிந்த மதிலை மழைக்காலம் வரை விட்டு வைப்பார்களா? கணக்குக்கு ஒரு பிரதி எடுத்து, கம்பித் தொடர்பே இல்லாத இடத்தில் வை. அந்தப் பிரதியிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று எப்போதாவது செய்தும் பார். குதிர் நிறைய விதைநெல் இருந்தால் போதாது, முளைக்க வேண்டுமே!

தினந்தோறும் காலையில் ஒப்பிட்டுப் பார். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவேட்டை 180 நாள் வைத்திரு. தாக்குதல் என்று தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவி. இவை இரண்டும் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு இட்ட உத்தரவுகள். அந்த வேளையில் யார் யாரை அழைப்பது, எந்தக் கம்பியைப் பிடுங்குவது என்பதை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டு. தீப்பிடித்தபின் கிணறு வெட்ட முடியாது.

"எல்லாம் சரி மாமா. அந்தப் பெரியவருக்கு என்ன சொல்ல?"

"திருடன் ஊர் பார்த்து வருவதில்லை, அப்பா. ஊர் ஊராகக் கதவைத் தள்ளிப் பார்க்க அவன் நடக்கவே வேண்டாம்; இருந்த இடத்திலிருந்து ஆயிரம் கதவைத் தள்ளுகிறான். திறந்தது எதுவோ அதில் நுழைகிறான். கும்பகோணத்து வங்கி தாங்கிக்கொண்டது. அது பெரிய இடம். உங்கள் பெட்டியில் இருப்பது, மழையை நம்பி விதைத்தவன் அடுத்த விதைப்புக்கு வைத்த பணம். அது போனால் அவனுக்கு ஒரு வருஷமே போயிற்று. இதை அவரிடம் சொல்."

பிள்ளை காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். நேற்று அவனிடமிருந்து சேதி வந்தது. பெரியவர் திட்டத்துக்குச் சம்மதித்துவிட்டாராம். காலைக் கணக்கைத் தாமே வந்து ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறாராம்.