என்80.1 காலாவதியான கதை

1893இல் சிகாகோ கூட்டத்தில் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் முன்வைத்த நோய்ப்பட்டியல், ஆள் எதனால் செத்தார் என்று குறிப்பதற்காக. ஆளைக் கொல்லாமல் மாதாமாதம் சுருண்டு படுக்கவைக்கும் நோய்க்கு அதில் என்ன வேலை? இன்று ஐசிடி எனப்படும் அந்தப் பட்டியலின் 1948 ஆறாம் திருத்தத்தில்தான் உயிரோடிருப்பவர்களின் நோய்களும் ஏறின. பத்தாம் திருத்தத்தில் அந்த மாதாந்திர வலி நோய், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், என்80 ஆனது. சூலகத்தில் இருந்தால் என்80.1. இடமா வலமா, மேலோட்டமா ஆழமா என்று அது கேட்கவில்லை.

அமெரிக்கா தன் பதிப்பில் 2022 அக்டோபர் 1 முதல் கேட்கத் தொடங்கியது. என்80க்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட புதுக் கோடுகள்: சிறுநீர்ப்பைக்குத் தனி, நெஞ்சறைக்குத் தனி, இடுப்பு நரம்புக்குத் தனி. அதற்குப் பிந்திய வைத்தியத்துக்கு வெறும் என்80.1 போட்டால் இன்சூரன்ஸ் க்ளைம் திரும்பிவிடும்.

அந்தச் சுமை வந்து இறங்கியது தமிழ்நாட்டிலும்தான். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறியில் நெய்த பேண்டேஜ் துணி வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போவது பழைய கதை. இப்போது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பி.எஸ்சி. முடித்த பிள்ளைகள் சென்னை, கோவை என்று, அமெரிக்க ஆஸ்பத்திரிக் குறிப்புகளுக்குக் கோடு போடும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகிறார்கள். டார்கெட், க்யூ.ஏ. இரண்டும் கழுத்தில் நிற்க, ஆபரேஷன் குறிப்பில் இரண்டு சொல்லைத் தேட வேண்டும். 'இடது சூலகம், எண்டோமெட்ரியோமா' என்றிருந்தால் என்80.122. 'சூலகத்தில் எண்டோமெட்ரியோசிஸ்' என்று மொட்டையாக இருந்தால் என்80.109: பக்கமும் தெரியாது, ஆழமும் தெரியாது. டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகிக்கக் கூடாது.

இத்தனை நுணுக்கமும் பணத்துக்காகத் தொடங்கியதோ என்னவோ, பலன் ஆய்வுக்கும் கிடைக்கிறது. ஒரே கோட்டுக்குள் கிடந்தவர்களைப் பிரித்துப் பார்க்காமல் யாருக்கு எந்த ஆபரேஷன் பலித்தது என்று எப்படிச் சொல்வது? உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அந்தக் கோடரின் ஊரிலோ இந்த வலிக்கு இன்னும் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பதே முதல் வைத்தியம். ஸ்கேன் வரை போய்ச் சூலகத்தில் கட்டி தெரிந்தவர்களுக்கு அது 'சாக்லேட் சிஸ்ட்'. பட்டியலிலோ கோடே மாறிவிட்டது: 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தம் எண்டோமெட்ரியோசிஸை ஜிஏ10 என்கிறது, முன்பு என்80.0க்குள் ஒண்டியிருந்த, அதே திசு கருப்பைச் சுவருக்குள் வளரும் அடினோமயோசிஸுக்கு ஜிஏ11 என்று தனி வீடு.

கோடு எதுவானாலும், ஆபரேஷன் செய்துகொண்டவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எதை எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். இது திரும்பி வரக்கூடிய நோய். அடுத்த டாக்டர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.