ஊகத்தில் வராத அறிவிப்பு
2021 ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்கள். போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. வண்டியைக் கண்ணால் பார்க்காமலே 499 ரூபாய் கட்டி, ஜூலையில் ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள்! விலை என்ன, நிறம் எத்தனை, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று நாடெங்கும் இளைஞர்கள் ஊகித்தார்கள். நாகரசம்பட்டியில் நமக்கோ ஒரே கேள்விதான்: வேலை யாருக்கு?

சுதந்திர தினத்தன்று அவர்களுக்குப் பதில் கிடைத்தது. 10 நிறங்கள்; எஸ்1 விலை 99,999 ரூபாய். குரூஸ் கன்ட்ரோல் போன்ற மென்பொருள் வசதிகள் மறு ஆண்டுதான் வந்தன, அது வேறு கதை.

நமக்கான பதில் செப்டம்பர் 13-இல் வந்தது. ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை என்றார் பவிஷ் அகர்வால். டீக்கடையில் அத்தனை நாள் வாதாடிய நாங்கள் எல்லாரும் நம் பையன்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.