நாக்கின் கீழ் ஒரு புல்வெளி

ஜூன் மாதப் பரீட்சை மண்டபத்தில் தும்மிக்கொண்டே எழுதும் தம்பி தங்கச்சிமாருக்கு இந்த வரலாறு.

1819இல் லண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்டொக் தன் சொந்தக் கோடைத் தும்மலையே நோயாக விவரித்தார். 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்ள்ஸ் பிளாக்லி, தன் உடலிலேயே சோதித்து, காரணம் மகரந்தம் என்று காட்டினார். 1911இல் லெனர்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். மகரந்தத்தில் நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தது பிழை. மிகையாகச் சண்டை போடுவது நம் எதிர்ப்புச் சக்திதான். ஆனாலும் முறை பலித்தது. பொறியியல் படித்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

ஊசியால் சிலர் இறந்ததால் 1986இல் பிரித்தானியா அதைக் கட்டுப்படுத்தியது. 2006 அளவில் ஐரோப்பாவில் புல் மகரந்த மாத்திரை வந்தது.

அதை நான் எடுப்பது இது இரண்டாவது ஆண்டு. முதல் மாத்திரை டொக்டர் முன்னால், அரை மணி நேரக் கண்காணிப்போடு. பிறகு தினமும் வீட்டில், நாக்கின் கீழ். தொடக்கத்தில் வாய் அரித்தது. போன கோடையில் தும்மல் நிற்கவில்லை, ஆனால் இரவில் நித்திரை வந்தது. மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும்.

புல் பூப்பதற்கு நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டிய மருந்து இது. ஆகவே மே மாதம் வரை காத்திருக்காமல், குளிர்காலத்திலேயே டொக்டரிடம் கேளுங்கள்.