மெடியாட்டர்: ஒரு மாத்திரையும் பிரான்சின் நீண்ட வழக்கும்

மெடியாட்டர் 1976ஆம் ஆண்டு பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்தது செர்வியே நிறுவனம். அதில் இருந்த மருந்து பென்ஃப்ளூரெக்ஸ். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், உடல் பருத்த சர்க்கரை நோயாளிகளுக்கும் துணை மருந்தாகவே அதற்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் அது பசியை மட்டுப்படுத்தும் என்பதால், வெறுமனே எடை குறைக்க விரும்பியவர்களுக்கும் மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். 33 ஆண்டுகளில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் அதை உட்கொண்டனர்.

இந்த மாத்திரைக்கு முன்பே அதே நிறுவனம் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃப்ளூராமினை 1960களில் பொந்தெரால் என்ற பெயரிலும், அதன் திருத்திய வடிவத்தை 1980களில் ஈசோமெரிட் என்ற பெயரிலும் விற்றது. மூன்றும் உடலுக்குள் சிதையும்போது நார்ஃபென்ஃப்ளூராமின் என்ற ஒரே பொருள் உண்டாகிறது. கேடு செய்வது அதுதான். இதய வால்வின் செல்களில் செரட்டோனினை ஏற்கும் ஒருவகை ஏற்பிகள் உண்டு. நார்ஃபென்ஃப்ளூராமின் அவற்றைத் தூண்டும்போது செல்கள் பெருகி, மெல்லிய வால்வு இதழ்கள் தடித்து விறைக்கின்றன. அறுவை சிகிச்சைக்காக இதயத்தைத் திறந்தவர்கள், பளபளக்கும் வெண்ணிறப் பூச்சு இதழ்களை மூடியிருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி விறைத்த வால்வு முழுதாக மூடாது. ரத்தம் பின்னோக்கிக் கசியும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். நுரையீரல் தமனிகளில் அழுத்தம் கூடுவது இதனினும் அரிது, ஆனால் உயிரைப் பறிப்பது.

நுரையீரல் பாதிப்புதான் முதலில் கண்ணில் பட்டது. பாரிஸ் அருகே கிளமார் நகரில் உள்ள அந்துவான் பெக்ளேர் மருத்துவமனையின் நிபுணர்கள் 1990களின் தொடக்கத்திலேயே நுரையீரல் அழுத்த நோயாளிகள் பலர் ஃபென்ஃப்ளூராமின் எடுத்தவர்கள் என்று கண்டு எழுதினார்கள். 1996இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, பசியடக்கி மருந்துகளை 3 மாதத்துக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல் கூடுகிறது என்றது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஃபென்ஃப்ளூராமினையும் ஃபென்டெர்மின் என்ற இன்னொரு பசியடக்கியையும் சேர்த்துத் தரும் 'ஃபென்-ஃபென்' மோகம் உச்சத்தில் இருந்தது. 1997 ஆகஸ்டில் மேயோ மருத்துவமனையினர் வால்வு கெட்ட 24 பெண்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட, செப்டம்பரில் ஃபென்ஃப்ளூராமின் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிரான்சில் ஈசோமெரிட்டும் அப்போதே போயிற்று.

மெடியாட்டர் மட்டும் தப்பியது. அது பசியடக்கி அல்ல, சர்க்கரை நோயாளிகளுக்கான மருந்து என்று நிறுவனம் சொன்னதை பிரான்சின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. 1999இல் மார்செய் நகர இதய மருத்துவர் ஒருவர் வால்வு கெட்ட ஒரு நோயாளியைப் பற்றி அறிக்கை அனுப்பினார், பலன் இல்லை. அண்டை நாடுகளான ஸ்பெயினும் இத்தாலியும் 2000களின் தொடக்கத்திலேயே இம்மருந்தைக் கைவிட்டன. உடலுக்குள் மூன்றும் ஒன்றாகவே முடிகின்றன என்பது வேதியியல் தெரிந்த எவருக்கும் எட்டக்கூடிய செய்தி. அதைத் தெரிந்திருந்தும் கேளாமல் விட்டதுதான் இந்த வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி.

பிரெஸ்ட் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ராஷோன் பயிற்சிக் காலத்தில் அந்துவான் பெக்ளேரில் இருந்தவர். அங்கே இறந்த நோயாளிகளை மறக்காதவர். 2007இல் மெடியாட்டர் எடுத்துவந்த பெண் ஒருவர் நுரையீரல் அழுத்த நோயுடன் வந்தபோது ஃப்ராஷோனுக்குப் பழைய நினைவு உறைத்தது. மருத்துவமனையின் பழைய ஆவணங்களைப் புரட்டினார். காரணம் தெரியாமல் இதயத்தின் மைட்ரல் வால்வு கசிந்த 27 பேரில் 19 பேர் பென்ஃப்ளூரெக்ஸ் எடுத்தவர்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட 54 பேரில் 3 பேர் மட்டுமே. 2009 நவம்பரில் மாத்திரை நிறுத்தப்பட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று அட்டையிலேயே கேட்டு அவர் 2010இல் புத்தகம் வெளியிட்டபோது, நிறுவனம் நீதிமன்றம் சென்று அந்தத் துணைத்தலைப்பை நீக்கவைத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தடை விலகியது. இதற்கிடையே 2010 நவம்பரில், குறைந்தது 500 பேர் இறந்திருக்கலாம் என்று கண்காணிப்பு அமைப்பே அறிவித்தது.

பாதிக்கப்பட்டோருக்கு நீதி கிடைத்த வழி நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அமெரிக்காவில் ஃபென்ஃப்ளூராமினை விற்ற அமெரிக்கன் ஹோம் புராடக்ட்ஸ் நிறுவனம் 1999இல் 375 கோடி டாலருக்குக் கூட்டு உடன்பாட்டுக்கு வந்தது. மருந்து எடுத்த நாட்களும் இதய எக்கோ பரிசோதனையில் தெரிந்த கசிவின் அளவும் இழப்பீட்டைத் தீர்மானித்தன. உடன்பாட்டிலிருந்து விலகித் தனி வழக்குப் போட்டவர்களும் ஏராளம். நிறுவனம் மொத்தம் 2,100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது.

பிரான்சில் மூன்று வாசல்கள் திறந்தன. 2011ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ விபத்துகளுக்கான அரசு இழப்பீட்டு அலுவலகத்திடம் செலவின்றி முறையிட வகை செய்தது. நிபுணர் குழு கோப்பைப் பார்த்து முடிவு சொல்லும். பழைய மருந்துச் சீட்டும் வால்வு முன்பு எப்படி இருந்தது என்பதற்கான பதிவும் இல்லாதவர்கள் இங்கே மிகவும் அலைக்கழிந்தார்கள். சிவில் நீதிமன்றம் அடுத்த வாசல்: 2015இல் நாந்தேர் நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. மூன்றாவது குற்றவியல் வழக்கு. அது 2019 செப்டம்பரில்தான் பாரிசில் விசாரணைக்கு வந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய ழாக் செர்வியே 2014இலேயே இறந்துவிட்டிருந்தார்.

2021 மார்ச் 29 அன்று, ஏமாற்றியது, கவனக்குறைவால் மரணமும் காயமும் விளைவித்தது ஆகிய குற்றங்களுக்காக நிறுவனத்துக்கு 27 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. கண்காணிப்பு அமைப்புக்கும் 3,03,000 யூரோ அபராதம். பல கோடி யூரோவுக்கு விற்ற மருந்துக்கு இது மிகச் சிறிய தொகை என்று பாதிக்கப்பட்டோர் குமுறியதில் நியாயம் இருந்தது. 2023 டிசம்பர் 20 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மோசடிக் குற்றத்தையும் சேர்த்து, அபராதத்தை 90 லட்சம் யூரோவுக்கு மேல் உயர்த்தியது. அந்த மாத்திரைக்காகச் செலவிட்ட பணத்தை ஈடுகட்ட மருத்துவக் காப்பீட்டு நிதியங்களுக்கு 41 கோடி யூரோவுக்கும் மேல் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. ஈசோமெரிட் சந்தையை விட்டுப் போய் அப்போது 26 ஆண்டுகள் கடந்திருந்தன.